இருபத்தோராவது தட்டு

மே 6, செவ்வாய்

கத்திரி பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் சாக்லேட் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டது. மாடி வீட்டு அனிஷா, தன் மகன் பிறந்தநாளுக்குக் கேக் பாப் கேட்டிருந்தாள்; கேக்கை உதிர்த்து உருட்டி, குச்சியில் குத்தி, சாக்லேட்டில் முக்குவது. முக்கி எடுத்து நிறுத்தினால் காய்வதற்குப் பதில் குச்சி வழியே இறங்கி சமையல் மேடையில் குளம் கட்டுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தேன். காய்ந்தது. வெளியே எடுத்ததும் உருண்டைகள் எல்லாம் வியர்த்துக் கொட்டி, நீலமும் வெள்ளையும் கலந்து, நீலம் அதிகம் போட்ட வேட்டி மாதிரி ஆயின.

"டேஸ்ட்டு சூப்பர்க்கா" என்றாள் அனிஷா. பார்க்க எப்படி இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

அமிர்தம் அண்ணி எடமலைப்பட்டி புதூரிலிருந்து போன் செய்தார். இளவேனிலுக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று. ஜூன் 4, புதன்கிழமை. ஸ்ரீரங்கத்தில் சம்பந்தி வீட்டுத் தெருவிலேயே ஒரு சின்ன மண்டபம். சீர்த்தட்டோடு போய், சடங்கு முடித்து, பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிடுவார்களாம்.

நான் சந்தோஷத்தில் குதித்தேன். என் அண்ணன் மகள்தான் என்றாலும் கல்லூரி படித்த மூன்று வருடமும் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். எனக்கும் வளவனுக்கும் பிள்ளை இல்லாத குறையை அவள்தான் சத்தம் போட்டு, சண்டை போட்டு, என் புடவைகளையெல்லாம் கட்டிக் கிழித்து நிரப்பினாள். 'இளவேனில் கைக்குப் பச்சை வளையல் எடுப்பாக இருக்கும், நான் வாங்கி வரட்டுமா அண்ணி' என்று கேட்டேன்.

அண்ணி பந்திக்கு எத்தனை இலை என்று கணக்குச் சொன்னார். அப்புறம், "நீ வந்து சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கம்மா அனு. வளையல் போடறதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க" என்றார்.

மே 10, சனி

ஆள் இருக்காங்களாம்.

மே 11, ஞாயிறு

கோபம் அடங்கவில்லை. வளவன் இறந்து நான்கு வருடமாகிறது. அவர் போன அன்று அழுதேன், அதற்கப்புறம் பல நாள் அழுதேன். எழுந்தேன், கேக் கற்றுக்கொண்டேன், இந்த வீட்டு வாடகையை என் கையால் கட்டுகிறேன். அதே கை இளவேனில் கையில் ரெண்டு வளையல் போட்டா என்ன ஆயிடும்? குழந்தைக்கு ஆகாதாமா? அந்தக் கையால ஊட்டின சோத்தைத் தின்னுதானே அவ டிகிரி வாங்கினா?

எனக்கு இந்தச் சீர், மரியாதை, முன்வரிசை எதுவும் வேண்டாம். அவள் கையில் வளையல் போட வேண்டும். அவ்வளவுதான். அதை விடுவதாக இல்லை.

மே 14, புதன்

இளவேனில் பேசினாள். அவள் அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டாளாம். அண்ணி அழுதுவிட்டாராம். "நீங்க போடலைன்னா நான் மணையிலயே ஒக்கார மாட்டேன் அத்தை" என்கிறாள். மாசமாக இருக்கிற பெண் மூச்சு வாங்கப் பேசுகிறாள். அம்மாவோடு மல்லுக்கு நிற்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன்? அது எனக்கே தெரியாது.

போனை வைக்கும்போது சொன்னாள்: "எனக்கு உங்க கேக் பாப்தான் சாப்புடணும் போல இருக்கு. சீர்த்தட்டுல வைங்க."

உடனே அண்ணியைக் கூப்பிட்டு, என் பங்குக்கு ஒரு தட்டு என்றேன். என்ன தட்டு என்றார். சொன்னேன். "அந்தக் குச்சி கேக்கா?" என்று ஒரு இழுப்பு. ஆனால் குரலில் நிம்மதி தெரிந்தது. "நம்மகிட்ட இருபது தட்டு இருக்கு. ஒத்தைப்படையா இருக்கணுமேன்னு யோசிச்சிட்டிருந்தேன். உன்னோடது இருபத்தொண்ணு. தட்டைத் தூக்கறதுக்கு யாராவது வருவாங்க" என்றார்.

தூக்கறதுக்கும் ஆள் இருக்காங்க.

மே 17, சனி

சம்பந்தி வீட்டில் முட்டை தொடமாட்டார்கள். தயிர் விட்டுக் கேக் செய்தேன். வாசனை அருமை, ஆனால் உதிர்த்துப் பிசைந்து உருட்டினால் உருண்டை குச்சியில் நிற்கமாட்டேன் என்கிறது. தலைகீழாக முக்கியதும் சாக்லேட் கிண்ணத்துக்குள் தொப்பென்று விழுகிறது. காலை முழுக்க ஓட்டைக் கரண்டியால் கேக்கைத் தூர் வாரினேன்.

பிறகுதான் பிடிபட்டது. குச்சியின் நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் பாதி ஆழத்துக்குக் குத்தி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். உருண்டை ரொம்பவும் ஜில்லென்று இருக்கக்கூடாது, இருந்தால் மேல்தோல் வெடிக்கிறது. சாக்லேட்டும் கொதிக்கக்கூடாது. வீட்டில் இரண்டு பேர் பேச்சுவார்த்தைக்கு உட்கார்வது மாதிரி, இரண்டும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும்.

வெடித்ததையெல்லாம் நானே தின்றேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

மே 19, திங்கள்

வளையல் நிறத்திலேயே கேக் பாப் செய்யப்போகிறேன். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒவ்வோர் உருண்டையின் இடுப்பிலும் தங்கக் கோடு சுற்றினால் வளையல் போட்ட மாதிரியே இருக்கும். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க, சாக்லேட்டைக் கரண்டிகளில் ஊற்றிக் காயவைத்து எடுத்துக்கொண்டு பெரிய கடை வீதியில் சாரா பீவி அம்மாவின் வளையல் கடைக்குப் போனேன்.

"இது என்னம்மா, பெயின்டா?"

"சாக்லேட்டுங்க."

"வளையலுக்குச் சேலையைக் கொண்டாந்து கலர் பாப்பாக. சாக்லேட்டைக் கொண்டாந்த மொத ஆளு நீதான்மா" என்று சிரித்தார். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார். சொன்னதும், "அட, அந்த மண்டபத்துக்கு வளையல் போட நான்தானே வாறேன். ஒங்க அண்ணன் சொல்லிட்டுப் போனாரு" என்றார். பேசிக்கொண்டே என் கையைப் பிடித்து, அளவு பார்க்க விரல் முட்டிகளை அமுக்கினார். தொழில் பழக்கம். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு இல்லீங்க."

நிமிர்ந்து பார்த்தார். நெற்றியைப் பார்த்தாரோ, முகத்தைப் பார்த்தாரோ. "எத்தனை வருஷம்?"

"நாலு."

"எனக்குப் பன்னெண்டு. அவரு மவுத்தாகி, நாலு மாசம் பத்து நாளு வீட்டோட இத்தா இருந்து முடிச்ச மறுநாளே கடையைத் தொறந்துட்டேன். புள்ளத்தாச்சி கை காத்திருக்குமா?"

கே.கே. நகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஒரேயடியாக மண்டைக்குள் வெளிச்சம். இந்த ஊரில் பாதி வளைகாப்பில் முதல் வளையலை ஏற்றிவிடுவது சாரா பீவி அம்மாவின் கைதான். புருஷன் இல்லாத கை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. ஏனென்றால் அது தொழில் கை.

அப்போ என் கை என்ன கையாம்?

மே 24, சனி

அடுத்த கவலை, குச்சிகளைக் குத்தி நிறுத்த ஒரு ஸ்டாண்டு. தெர்மகோலில் குத்தினால் லேசாக இருக்கிறது, ஆனால் வண்டி ஆடினால் அதுவும் ஆடுகிறது. இந்த வெயிலில் ஸ்ரீரங்கம் பாலம் தாண்டுவதற்குள் சாக்லேட் அழுதுவிடும்.

மதியம் ஜீயபுரத்திலிருந்து அடைக்கலம் இலைக்கட்டு கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்கே வாழையிலை அவர்தான். டிவிஎஸ் வண்டியின் பின்னால், குலை வெட்டிய வாழைமரத் துண்டு ஒன்று மாட்டுக்காகக் கட்டியிருந்தது. சும்மா தொட்டுப் பார்த்தேன். அந்த உச்சி வெயிலிலும் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"அண்ணே, இது எனக்கு வேணும்."

"கூட்டு வைக்கறதுக்கா? தண்டு உரிச்சுத் தரவா?"

"இல்லண்ணே, முழுசா. பட்டையோட."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறக்கி வைத்தார்.

மே 25, ஞாயிறு

காலையில் பத்து கேக் பாப்பை வாழைமரத்தில் குத்தி வைத்துவிட்டுப் பெருமையாகக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பத்தும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. நான் வாங்கியது காகிதக் குச்சி. வாழைச்சாற்றைக் குடித்து ஊறிப் போயிருக்கிறது. நான் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது.

உட்கார்ந்து அழுதேன். கேக்குக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். எந்தத் தட்டு வெச்சா என்ன, எவ்வளவு அழகா செஞ்சா என்ன, கடைசியில யாரோ தூக்கிட்டுப் போவாங்க, நான் சாம்பார் வாளி பக்கம் நிப்பேன் — அதுக்குத்தானே இந்தப் பாடு?

மாலை முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் மூங்கில் குச்சி வாங்கி வந்தேன்.

மே 30, வெள்ளி

நிற்கிறது! மூங்கில் குச்சி, வாழைமரம், என் கேக் மூன்றும் கூட்டு சேர்ந்துவிட்டன. இரண்டு மணி நேரம் வெயில் படும் ஹாலில் வைத்தேன், ஒரு சொட்டு வழியவில்லை. படுக்கப்போட்ட மரம் உருளாமல் இருக்க அடியைச் சீவித் தட்டையாக்கிப் பித்தளைத் தாம்பாளத்தில் உட்கார வைத்தேன். தங்கக் கோடு மட்டும் கோணிக்கொண்டு போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகையை நகர்த்தாமல் குச்சியைத் திருப்பினால் கோடு ஒரே சீராக வருகிறது.

தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். சாதாரணத் தட்டு மாதிரி இரண்டு கையால் விளிம்பைப் பிடித்தால் மரம் முன்னால் சாய்கிறது. இடது முழங்கையை அடியில் கொடுத்து, மரத்தை நெஞ்சோடு அணைத்து, வலது கையால் முன் விளிம்பைத் தாங்க வேண்டும். மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினேன். அனிஷா கதவைத் திறந்து, "என்னக்கா, புள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறீங்க" என்றாள்.

இரண்டு சின்னத் துண்டாக வெட்டி லேசாகச் செய்யலாம். அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் தூக்கலாம்.

வெட்டவில்லை.

ஜூன் 2, திங்கள்

அண்ணி நேரில் வந்தார். செய்து வைத்திருந்த கேக் பாப்பைக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தின்ன மனம் வரவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அனு, எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லம்மா. சம்பந்தி வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லி, நாளைக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னாக்கூட அதைக் காரணம் காட்டிட்டாங்கன்னா? கஷ்டப்படறது புள்ளைதானே?"

எனக்கு அவர் மேல் கோபப்படத் தெரியவில்லை. பயந்த மனுஷி. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

எல்லாம் உருட்டி, முக்கி, கோடு போட்டு முடிந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. மரத்துக்கு ஈரத்துணி சுற்றியாயிற்று. மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

பத்தரைக்குள் சீர் உள்ளே போக வேண்டும். மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளி வேனை நிறுத்தித் தட்டுகளை இறக்கினார்கள். பழம், பூ, மஞ்சள் குங்குமம், சேலை, முறுக்கு, அதிரசம் என்று ஒவ்வொன்றையும் அண்ணி வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. கடைசியாக என்னுடையது. அண்ணியின் அக்கா பட்டுப்புடவை சரசரக்க வந்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். மரம் சாய்ந்தது. ஒரு பச்சை உருண்டை தெறித்துத் தெருவில் உருண்டு போனது.

"யம்மாடி! இது தட்டா உரலா? என்னால ஆவாதுப்பா" என்று கீழே வைத்துவிட்டார்.

இன்னொருத்தி முயன்றாள். அவளுக்கும் அதே கதி. ஆண்கள் தூக்கலாமா என்றார்கள். சீர்த்தட்டை ஆண்கள் தூக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். இதை மட்டும் அப்புறம் பின்பக்கமாகக் கொண்டு போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

இளவேனிலின் அப்பா, என் நவநீதன் அண்ணன், தட்டுகளை எண்ணினான். "அப்ப இருபதுல்ல ஆவுது? ரெட்டைப்படையில சீர் போவுமா?" என்றான்.

பழத்தட்டை இரண்டாகப் பிரிக்கலாமே என்று ஒரு யோசனை. காலித் தட்டு இல்லை. மணி பத்து இருபது. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "நீயே தூக்கிக்கம்மா அனு."

குனிந்தேன். இடது முழங்கை அடியில், மரம் நெஞ்சோடு, வலது கை முன் விளிம்பில். ஒரே மூச்சில் தூக்கினேன். ஒரு குச்சி அசையவில்லை.

"நீ முன்னாடி போ, நடுவுல நின்னா யாராச்சும் இடிச்சிடுவாங்க" என்றான் அண்ணன். அவன் தெரிந்து சொன்னானா தெரியாமல் சொன்னானா என்று இன்னும் கேட்கவில்லை. இருபது தட்டும் என் பின்னால் வந்தன. ஸ்ரீரங்கத்துத் தெருவில், மேளத்துக்கு அடுத்ததாக, நான்தான் முதலில் நடந்தேன்!

வாசலில் சம்பந்தியம்மா ஆரத்தியோடு நின்றார். அவர் தட்டை உற்றுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, வாழைமரத்துல வளையல் காய்ச்சிருக்கே! யாரு பண்ணது?"

"நான்தாங்க. பொண்ணுக்கு அத்தை."

"உள்ள வாங்க, உள்ள வாங்க. மொதல்ல இதை மணைக்குப் பக்கத்துல வைங்க, எல்லாரும் பாக்கட்டும்."

மணையில் இளவேனில். கன்னத்தில் சந்தனம், வயிறு நிறைந்து, முகம் நிறைந்து. என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். பக்கத்தில் சாரா பீவி அம்மா, வளையல் பெட்டியோடு. வீங்கியிருந்த அவள் கையை அமுக்கி அமுக்கி முதல் வளையலை ஏற்றிவிட்டார். அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் தாம்பாளத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணி கண்ணாலேயே சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினார்.

இளவேனில் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். "அத்தை போடட்டும்."

சம்பந்தியம்மாவின் நாத்தனார் ஒருவர், வயதானவர், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "அவங்க எப்படிம்மா..."

அவ்வளவு நேரம் மூடி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. "சாரா பீவி அம்மா போடலாம்னா நான் ஏங்க போடக்கூடாது? அவங்களும் என்னை மாதிரிதான். என்னை விட எட்டு வருஷம் சீனியர்."

சாரா பீவி அம்மா வளையலைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஆமாங்க. இங்க இருக்கற முக்காவாசிப் பேரு கையில கெடக்கறது என் கை பட்ட வளையலுதான். இந்தா, ஒங்க மகளுக்கும் நான்தான் போட்டேன். பேரன் சுகமாத்தானே இருக்கான்?"

கேள்வி அந்த வயதானவருக்கு. அவர் பேரன் அவர் மடியிலேயே உட்கார்ந்து, சிவப்புக் கேக் பாப் ஒன்றை எப்போது எடுத்தானோ, வாயெல்லாம் சாக்லேட்டாகத் தின்றுகொண்டிருந்தான்.

சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். குபீரென்று. அந்த வயதானவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதான், போடச் சொல்லுங்க. நேரம் போவுது" என்றார். அமிர்தம் அண்ணி எழுந்து வந்தார். சந்தனக் கிண்ணத்தை அவரே என் கையில் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர்; பயம் விட்டுப் போன தண்ணீர்.

கன்னத்தில் சந்தனம் தடவினேன். வளையல் எடுத்தேன், பச்சை. அவள் விரல்களைக் குவித்து மெல்லத் தள்ளினேன். முட்டியில் நின்றது. குச்சியைத் திருப்புகிற மாதிரி, கையைத் திருப்பாமல் வளையலைத் திருப்பினேன். ஏறிக்கொண்டது. இளவேனில் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அவ கன்னத்துச் சந்தனம் என் கன்னத்துலயும் ஒட்டிக்கிச்சு. ஜெயிச்சுட்டேன்டி, ஜெயிச்சுட்டேன்!

வளையல் போட்டவர்களுக்கெல்லாம் வளையல் கொடுப்பது முறை. சாரா பீவி அம்மா என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு முன்பே மரம் மொட்டையாகிவிட்டது. ஒரு மஞ்சள் உருண்டையை மட்டும் இளவேனிலுக்காக முந்தானைக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

பட்டுப்புடவையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க வாழைக்கறை. இனி ஜென்மத்துக்கும் போகாது. போகவும் வேண்டாம், மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

அமிர்தம் அண்ணி போன். உரல் என்று சொன்னாரே அவர் அக்கா, அவருடைய மருமகளுக்கு ஆனி கடைசியில் வளைகாப்பாம். "எத்தனை கேக் பாப் வேணுமாம் அண்ணி?" என்று கேட்டேன்.

"கேக் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரியாம். நீ வந்து வளையல் போடணுமாம். நேர்ல கூப்புட வராங்க."

சரி என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் அடுத்த ஆர்டருக்கு உருட்ட உட்கார்ந்தேன். மாவு வேலைக்கு வளையலைக் கழற்ற வேண்டும், அதுதான் சுத்தம். கழற்ற மனசில்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டேன். பாதியில் ஒன்று நழுவி இறங்கி, கையிலிருந்த உருண்டையின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் போட்டது.

தடவிச் சரி செய்யவில்லை. சாக்லேட்டில் முக்கி, தங்கக் கோட்டை அந்தப் பள்ளத்தின் மேலேயே போட்டேன்.